மெலனீசியக் கேடயத்தை முதுகிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகம் போகிறோம். பசிபிக் தீவுகள் பிரிவு வந்ததும் நடை தானாக வேகமெடுத்துவிடும். சுவரில் ஆளுயரப் பலகைகள் வரிசையாக நிற்கும். சிவப்பும் வெள்ளையுமாகச் சுழிகள், முறைக்கும் கண்கள். ஒரு படம் எடுத்துவிட்டு டைனோசர் பக்கம் போய்விடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஒருமுறை ஒரு கூடத்தில் கேடயத்தைச் சுவரோடு சாத்தாமல் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருந்தார்கள். சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தேன். அலங்காரம் எதுவும் இல்லை. வாய்ச்சியால் கொத்திய தடங்கள் அப்படியே தெரிந்தன. நடுவில் ஒரு கைப்பிடி. அதைத் தனியாகச் செய்து பொருத்தவில்லை, அதே மரத்தில் விட்டுவைத்துக் குடைந்திருந்தார்கள். பிடித்துப் பிடித்து அது கறுத்து, அம்மிக்குழவி போல வழவழப்பாகியிருந்தது. ஓர் ஆள் இதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மெலனீசியக் கேடயங்களைப் பார்க்கப் பழக விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: முன்பக்கம் எதிரிக்காகச் செதுக்கியது. நீங்கள் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் வரைபடம்

மெலனீசியா என்றால் நியூ கினியா, அதன் கிழக்கே நியூ பிரிட்டன் முதலான தீவுகள், சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, ஃபிஜி. இவை எல்லா இடத்திலும் கேடயம் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபிஜியில் கனத்த தடிகளுக்குத்தான் பேர். கேடயம் செழித்தது நியூ கினியா, நியூ பிரிட்டன், சாலமன் தீவுகள் ஆகிய பக்கங்களில். நியூ கினியாவின் மேற்குப் பாதி இன்று இந்தோனேசியாவில் இருக்கிறது. கிழக்குப் பாதி பப்புவா நியூ கினி என்ற தனி நாடு, 1975-இல் விடுதலை பெற்றது. அந்த ஒரு நாட்டில் மட்டும் 800-க்கு மேற்பட்ட மொழிகள். ஆகவே ‘மெலனீசியக் கேடயம்’ என்று ஒரே பாணி கிடையாது. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வடிவம் மாறும். இந்த ஆறா, அந்த மலையா என்று கேட்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, பழந்தமிழில் கேடயத்துக்குத் ‘தோல்’ என்றே ஒரு பெயர் உண்டு. மாட்டுத்தோல் இருந்த ஊரின் சொல் அது. நியூ கினியாவில் மாடும் இல்லை, யானையும் இல்லை. பன்றியையும் கேசோவரிப் பறவையையும் விட்டால் தரையில் பெரிய உயிரினம் கிடையாது. மரமோ ஏராளம். கேடயம் மரத்தில் பிறந்ததற்கு அதற்கு மேல் காரணம் தேடவேண்டியதில்லை.

பெயர்ச்சீட்டைப் படிக்கும் விதம்

கேடயத்தின் கீழே உள்ள சீட்டில் மூன்று விஷயம் தேடுங்கள்: மக்களின் பெயர், ஆறு அல்லது பள்ளத்தாக்கின் பெயர், சேகரித்த ஆண்டு. சேகரித்த ஆண்டும் செய்த ஆண்டும் ஒன்றல்ல. பத்திருபது வருடம் பழகிய கேடயத்தைத்தான் பெரும்பாலும் வெளியாள் வாங்கியிருப்பார்.

பழைய சீட்டுகளில் நாட்டின் பெயரே ஒரு காலக்கணக்கு. ‘ஜெர்மன் நியூ கினியா’ என்றிருந்தால் 1884-க்கும் 1914-க்கும் இடையில். ‘டச்சு நியூ கினியா’ என்றால் 1962-க்கு முன். ‘இரியன் ஜெயா’, அதாவது அதே மேற்குப் பாதிக்கு இந்தோனேசியா வைத்த பெயர் என்றால், 1973-க்குப் பின். வெறுமனே ‘நியூ கினியா, மரம்’ என்று மட்டும் போட்டிருந்தால் கோபம் வரும். எனக்கு வரும். அப்போதுதான் கேடயத்தையே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பின்பக்கம்: எப்படிப் பிடித்தார்கள்?

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

வில்லைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். ஈட்டியை ஒரு கையால் எறியலாம். கேடயத்தைப் பிடிக்கக் கை மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதன் வடிவத்தைத் தீர்மானிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு பின்னால் பாருங்கள்.

அதே மரத்தில் குடைந்த கைப்பிடி நடுவில் இருந்தால், நியூ கினியாவின் தென்மேற்குக் கரையில் வாழும் அஸ்மத் மக்களுடையதாக இருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. நீண்ட கேடயம், ஏறத்தாழ ஆளுயரம்.

கைப்பிடியே இல்லை, இரண்டு துளைகளில் கோத்த நார்க்கயிறு மட்டும் தொங்குகிறதா? பப்புவா நியூ கினியின் நடு மலைநாட்டுக் கேடயமாக இருக்க வாய்ப்பு. மெண்டி, வாகி பள்ளத்தாக்குப் பக்கம் இப்படித்தான் தோளில் மாட்டிக்கொண்டார்கள். கதவுப் பலகை போல் கனமானவை. மாட்டிக்கொண்ட பிறகு இரண்டு கையும் சும்மா இருக்கும்.

மேல்விளிம்பில் ஆங்கில ‘யு’ வடிவில் ஒரு வெட்டு இருந்தால் அதே நாட்டின் தென்கரையில், பப்புவா வளைகுடாவில் வாழும் எலெமா மக்கள் பக்கம் போங்கள். வெட்டு உடைந்துபோன இடமல்ல. கேடயத்தை இடது தோளிலிருந்து தொங்கவிட்டு, அந்த வெட்டு வழியாகக் கையை நீட்டி வில்லைப் பிடிப்பார் வில்லாளி. உடம்பு மறைந்திருக்கும், கை தடையில்லாமல் நகரும். சட்டையில் கைக்குழி வெட்டுகிற தையற்காரரின் யோசனைதான் இது. முதல் தடவை பார்த்தபோது நான் ‘பாவம், உடைந்துவிட்டது’ என்று நினைத்தேன்.

சிறியதாக, முட்டை வடிவில், பின்னால் பிரம்பு வளையப் பிடியோடு இருக்கிறதா? நியூ கினியாவின் கிழக்கே உள்ள ட்ரோப்ரியண்ட் தீவுகளாக இருக்கலாம். அங்கே சண்டை ஈட்டிச்சண்டை. லேசான கேடயத்தை ஒரு கையில் ஆட்டி ஆட்டி வருகிற ஈட்டியைத் தட்டிவிடுவார்கள்.

பின்பக்கமும் முன்பக்கத்துக்குச் சமமாக அலங்கரித்திருந்தால் நியூ பிரிட்டன் தீவை நினையுங்கள். அத்தீவின் தென்மேற்கில் வாழும் அராவே மக்கள் மூன்று நீளப் பலகைகளை அடுத்தடுத்து வைத்துப் பிரம்பால் இறுக்கிக் கட்டிக் கேடயம் செய்தார்கள், இருபுறமும் சுழிகளோடு. அதே தீவின் சுல்கா மக்களின் கேடயம் ஒரே மரம், நீள்வட்டம், நடுவில் குமிழ். அதற்கும் உட்புறம் வேலைப்பாடு உண்டு. எதிரி பார்க்கப் போவதில்லை, பிடித்திருப்பவர் மட்டுமே பார்க்கும் பக்கம் அது. அதை ஏன் அலங்கரித்தார்கள் என்று யோசித்துக்கொண்டே நிற்கலாம்.

மரமும் உளியும்: அஸ்மத் கேடயம் ஒன்றை அருகில் பார்ப்போம்

எல்லாப் பாணியையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளப் பார்க்காதீர்கள், குழம்பும். ஒன்றை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பாருங்கள். என் பரிந்துரை அஸ்மத். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் இருக்கிறது, படங்களும் நிறையக் கிடைக்கும்.

அஸ்மத் நாடு முழுக்கச் சேறும் ஆறும். கல்லே கிடையாது. கற்கோடரிக்குக் கூடக் கல்லை மலைப்பக்கத்து மக்களிடம் பண்டமாற்றில் வாங்க வேண்டியிருந்தது. மரத்துக்கோ பஞ்சமில்லை. கேடயத்தை அவர்கள் ‘ஜமாஸ்’ என்கிறார்கள். அதற்கு அடிமரத்தைப் பிளப்பதில்லை. நம் இலவமரத்தின் அடியில் சுவர் எழுப்பியது போல விரிந்து நிற்குமே, பலகை வேர், அதுபோன்ற வேர் அங்கே கண்டல் மரங்களில் உண்டு. அந்த வேரையே வெட்டி எடுக்கிறார்கள். இயற்கையே பலகையாக்கிக் கொடுத்துவிட்டதால் பாதி வேலை மிச்சம். வேரின் லேசான வளைவும் நெளிவும் கேடயத்தில் அப்படியே தங்கிவிடும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும்.

செதுக்குகிறவருக்கு ‘வோ இபிட்ஸ்’ என்று பெயர். பழைய நாளில் கற்கோடரியால் உருவாக்கி, கிளிஞ்சலாலும் பன்றிக்கொம்பாலும் எலும்பாலும் நுணுக்க வேலை செய்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரும்பு பரவலாக வந்தபிறகு கோடுகள் கூர்மையாகின, சித்திரம் நெருக்கமானது. ஆழம் குறைந்து ஓரம் மழுங்கிய கோடா, கத்தி போட்டது போல நறுக்கென்று நிற்கும் கோடா என்று பாருங்கள். இதை வைத்து மட்டும் வயதைத் தீர்மானிக்க முடியாது, ஆனால் ஒரு குறிப்பு.

சித்திரத்தைச் சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி நீக்கிவிட்டு, சித்திரத்தை மேடாக நிறுத்துவது அவர்கள் முறை. பள்ளத்தில் வெள்ளை, மேட்டில் சிவப்பு, அங்கங்கே கறுப்பு. வெள்ளைக்கு மட்டியைச் சுட்ட சுண்ணாம்பு, சிவப்புக்குக் காவிமண், கறுப்புக்குக் கரி. மூன்றே நிறம்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் பள்ளத்தின் மூலைகளில் சுண்ணாம்பு திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதும், மேடுகளில் காவி தேய்ந்து மரம் எட்டிப்பார்ப்பதும் தெரியும். எங்கே தேய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். பயன்பட்ட கேடயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை.

உச்சியில் பல கேடயங்களுக்கு ஒரு நீட்டல் இருக்கும். சிலவற்றில் அது மனித உருவம், சிலவற்றில் தலை மட்டும். அலங்காரக் கொண்டை என்று தாண்டிப் போகாதீர்கள். கேடயத்துக்கு இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயரை வைப்பது அஸ்மத் வழக்கம். பெயர் வைத்தபின் அது பொருள் இல்லை, ஆள். சண்டைக்குப் போகிறவர் தாத்தாவையோ அண்ணனையோ முன்னால் நிறுத்திக்கொண்டு போகிறார். சண்டை இல்லாத நாளில் வீட்டு வாசலில் சாத்திவைத்தால் கெட்ட ஆவி உள்ளே வராது என்ற நம்பிக்கையும் உண்டு. நம் வீட்டு வாசலில் திருஷ்டிப் பொம்மை மாட்டுகிற கை இதைப் புரிந்துகொள்ளச் சிரமப்படாது.

சித்திரத்தைப் படிக்கும்போது செய்கிற தவறு

புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: எங்கே பார்த்தாலும் முகம் தேடுவது. இரண்டு வட்டம் இருந்தால் கண், கீழே ஒரு கோடு இருந்தால் வாய். நம் மூளைக்கு அது பழக்கம். சில இடங்களில் சரியாகவும் இருக்கும். பப்புவா நியூ கினியின் செபிக் ஆற்றின் நடுப்பகுதியில் வாழும் இயட்முல் மக்களின் கேடயங்களில் நிஜமாகவே முகம் உண்டு. ஆனால் அஸ்மத்தில் நீங்கள் முகம் என்று நினைப்பது பெரும்பாலும் பழந்தின்னி வௌவாலாக இருக்கும்.

ஏன் வௌவால்? அஸ்மத் மக்கள் மனிதனை மரமாகப் பார்த்தார்கள். கால் வேர், உடல் அடிமரம், கை கிளை, தலை பழம். முன்பு அவர்களிடையே எதிரியின் தலையைக் கொய்து வரும் தலைவேட்டை இருந்தது. மரத்திலிருந்து பழத்தைக் கொத்திக்கொண்டு போகும் வௌவால் தலைவேட்டைக்காரனின் உருவகம். கும்பிடு பூச்சியும் அப்படியே. பெண் பூச்சி ஆணின் தலையைக் கடித்துத் தின்னும் என்பது அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. இன்னொரு உருவம் இரட்டைச் சுருளாக வரும். அது வீரர்கள் மூக்கில் அணிந்த சங்கு அணிகலன். இப்போது மறுபடி பார்த்தால் ‘அலங்காரம்’ என்று நினைத்தது எல்லாம் மிரட்டல் என்று புரியும். எதிரில் நின்றவருக்கு அதைப் படிக்கத் தெரியும்.

பொருள் சொல்வதில் அவசரம் கூடாது என்பதற்கு ட்ரோப்ரியண்ட் கேடயம் நல்ல உதாரணம். வெள்ளைத் தளத்தில் சிவப்பும் கறுப்புமாக மெல்லிய கோடுகள், வளைவுகள், வட்டங்கள். அந்தத் தீவுகளில் 1915-க்கும் 1918-க்கும் இடையில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, எல்லோரும் வர்ணக் கேடயம் ஏந்திவிட முடியாது என்று எழுதினார். பெரிய வீரன் மட்டுமே வர்ணம் தீட்டுவான். ஏனென்றால் வர்ணக் கேடயத்தைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு ஈட்டி எல்லாம் அதை நோக்கித்தான் வரும். அதைக் குத்துவது அவர்களுக்குப் பெருமை. 1954-இல் எட்மண்ட் லீச் என்ற மானிடவியலாளர் ஒரு கட்டுரையில், அந்தச் சித்திரம் முழுவதும் பறக்கும் சூனியக்காரி ஒருத்தியின் உருவம் என்றார். அடுத்து வந்தவர்கள் வேறு வேறு விளக்கம் கொடுத்தார்கள். யார் சரி? எனக்கு லீச் சொல்வது கவர்ச்சியாக இருக்கிறது, நம்பிக்கை வரவில்லை. ஈட்டியை வா என்று அழைக்கிற கேடயம் என்பது போதும், அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தகரமும் கேடயம்தான்

‘பழமையானது, இயற்கை வர்ணம்’ என்று தேடிப்போகிறவர்கள் வாகி பள்ளத்தாக்கைத் தவறவிடுவார்கள். ஆஸ்திரேலிய ஆட்சிக் காலத்தில் அங்கே குலச்சண்டை அடங்கியது, கேடயங்கள் வழக்கொழிந்தன. விடுதலைக்குப் பின், 1970-களிலும் 80-களிலும் சண்டை திரும்பியபோது கேடயமும் திரும்பியது. இந்த முறை மரத்தோடு வாகனத் தகரமும் சேர்ந்துகொண்டது. வடிவம் பழையது, மேலே தீட்டியது புதியது. அந்நாட்டு பீர் புட்டியின் லேபிளைப் பெரிதாகத் தீட்டினார்கள். ‘ஆறு முதல் ஆறு’ என்று எழுதினார்கள். விடிய விடிய நடக்கும் கொண்டாட்டத்தைக் குறிக்கும் சொல் அது. இங்கே அர்த்தம், காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை சளைக்காமல் நிற்போம் என்பது.

சில கேடயங்களில் ஃபாண்டம் இருக்கிறார். ஆமாம், ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாக நாம் படித்த அதே ஆள். சாகாதவர் என்று பெயர் வாங்கியவரைக் கேடயத்தில் நிறுத்துவதைவிடப் பொருத்தமான யோசனை எது? இறந்த உறவினரின் பெயரைக் கேடயத்துக்கு வைத்த அஸ்மத் செதுக்குநரிடம் இந்த மாயாவியைக் காட்டினால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. இது கெட்டுப்போன மரபு என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 1993-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மலைநாட்டு வாழ்வைப் பற்றி நடத்திய கண்காட்சியில் வாகி கேடயங்களும் இடம்பெற்றன.

சாலமன் தீவுகளின் முத்துச்சிப்பி பதித்த கேடயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படம் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். ஆனால் அது மரமல்ல, கொடியால் பின்னியது. மேலே கொட்டைப்பருப்புப் பசை பூசி, சிப்பித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பதித்திருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்தவை, உலகத்தில் இரண்டு டஜன் சுமார்தான் மிச்சம். எங்காவது கண்ணில் பட்டால் அன்றைக்கு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதையே பாருங்கள்.

வாங்க நினைத்தால்

நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் ‘பழைய போர்க்கேடயம்’ என்று ஒன்று வாங்கினேன். நல்ல கறுப்பு, பளபளப்பு. வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தால் ஷூ பாலிஷ் வாசனை. பின்பக்கக் கைப்பிடி விரல் நுழையாத அளவுக்குச் சின்னது. நான்கு விரலை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும், யாரும் இதைப் பிடித்ததில்லை என்று.

அதனால்: கையில் பிடியுங்கள். கைப்பிடிக்குள் கை போகிறதா, எடை இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். அடுப்புப் புகையில் பல வருடம் இருந்த மரத்தில் புகை சமமாகப் படியாது. அம்பு துளைத்த ஓட்டை என்று விற்பவர் காட்டினால், துளை சாய்வாக இருக்கிறதா, உள்ளே முனை ஒடிந்து தங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். துளைப்பானால் போட்ட ஓட்டை நேராக, வட்டமாக, சுத்தமாக இருக்கும்.

உண்மையைச் சொன்னால், பழையதைத் தேடி அலைவதைவிடப் புதியதைச் செதுக்கியவரிடமிருந்தே வாங்குவது மேல். அஸ்மத் பகுதியின் தலைமையிடமான ஆகட்ஸில் கத்தோலிக்க மறைமாவட்டம் 1973-இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கியது. அங்கே நடக்கும் கலைவிழாவில் செதுக்குநர்கள் தங்கள் வேலையை ஏலத்துக்கு வைக்கிறார்கள். புதிய கேடயம் போலி அல்ல. புதியதைப் பழையது என்று விற்பதுதான் போலி. பப்புவா நியூ கினியிலிருந்து பழைய கலைப்பொருளை வெளியே எடுத்துப்போகக் கட்டுப்பாடு உண்டு. போர்ட் மோர்ஸ்பியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் அனுமதி வேண்டும். விற்பவர் ‘அதெல்லாம் தேவையில்லை சார்’ என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். புதிய கேடயமே வாங்கினாலும், மரத்தில் பூச்சித் துளை இருந்தால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சுங்கத்தில் மாட்டும்.

எங்கே பார்ப்பது

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அஸ்மத் பொருள்கள் தனிச் சிறப்பு. 1961-இல் அஸ்மத் கரையில் சேகரிப்புக்குப் போய்க் காணாமல்போன மைக்கேல் ராக்ஃபெல்லரின் பெயரில் அந்தப் பிரிவே இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாரிஸில் கே பிரான்லி, நெதர்லாந்தில் லைடன், ஆஸ்திரேலியாவில் சிட்னியும் அடிலெய்டும். இவற்றில் எதற்குப் போனாலும் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரைந்தால்தான் விளிம்பு எங்கே வளைகிறது, எங்கே நேராகிறது என்று கண் நிற்கும். அழகாக வரைய வேண்டியதில்லை. என் படங்கள் முறம் மாதிரி இருக்கும்.

போக முடியாதவர்கள் இணையத்தில் அந்த அருங்காட்சியகங்களின் பொருள் பட்டியலைத் திறக்கலாம், இலவசம். ‘அஸ்மத் கேடயம்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் பக்கம் பக்கமாக வரும். ஒவ்வொன்றிலும் முதல் படத்தைத் தாண்டி, பின்பக்கப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். பல பதிவுகளில் இருக்காது. அப்போது அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை பதிலே இல்லை. இன்னொரு தடவை மூன்று வாரம் கழித்து ஒரு படம் வந்தது. கைப்பிடியின் மேல்புறம் கரடுமுரடாக, உளித்தடத்தோடு இருந்தது. கீழ்ப்புறம் மட்டும், நான்கு விரல் மடங்கும் இடத்தில், தேய்ந்து குழிந்திருந்தது.